எரிந்தால் வேலை செய்கிறது

மகள் கப்பல் வேலைக்குப் புறப்பட்டது ஒரு வியாழக்கிழமை. பெட்டி கட்டியாயிற்று, வாடகைக் கார் தெருமுனையில் வந்து நின்றாயிற்று, ஓட்டுநர் ஹாரனும் அடித்தாயிற்று. புறப்பட வேண்டியவள் மட்டும் செருப்பைக்கூட மாட்டாமல், அம்மாவை நிலைக்கண்ணாடி முன் உட்காரவைத்துக் கண்ணில் சொட்டு மருந்து விடப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மா அண்ணாந்தாள். புட்டியைத் தூக்கினாள். முதல் சொட்டு மூக்கின் மேல் விழுந்தது. அடுத்தது காதை நோக்கி ஓடியது. அதற்கடுத்தது விழுமுன்பே கண் இறுக மூடிக்கொண்டது.

“ஊர்ல இருக்கிறவங்க புருவத்தையெல்லாம் ஒரு முடி பிசகாம எடுக்கிறே. உன் கண்ணு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியலியேம்மா.”

“அடுத்தவ கண்ணுன்னா எனக்குக் கை நடுங்காதுடி,” என்றாள் அம்மா.

கடைசியில் மகளே ஒரு தரம் போட்டுவிட்டாள். கீழ் இமையை மெல்ல இழுத்து, ஒரே ஒரு சொட்டு. பிறகு கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரல் நுனியால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஹாரன் மறுபடி கேட்டது. விரல் விலகும்வரை அம்மா கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது மகள் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். மருந்து தளும்பிய கண்ணுக்கு அவள் முகம் நீரில் விழுந்த படம்போலத்தான் தெரிந்தது. துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் கார் போய்விட்டது.

அந்த அம்மாவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது யாருக்கும் நினைவில்லை. செருப்புக் கடையின் மாடியில் இருந்த அழகு நிலையத்தில் புருவம் திருத்துவது அவள் வேலை என்பதால் எல்லோருக்கும் அவள் நூலக்கா. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மற்ற இரண்டு இழைகளையும் விரல்களில் மாட்டி, நடுவில் முறுக்கிக்கொண்டு அவள் குனிந்தால், வந்தவள் ‘ஐயோ’ என்று வாயெடுப்பதற்குள் ஒரு புருவம் முடிந்திருக்கும். அதே அறையில் முடி வெட்டுகிறவளுக்குக் கத்தரி என்று பெயர். அது கையிலிருந்த கத்தரிக்கோலுக்காக வைத்ததா, வாய்க்காக வைத்ததா என்று வாடிக்கையாளர்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.

நூலக்காவுக்குக் கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது, கிளாக்கோமா, என்று தெரிந்தது சில வருடங்களுக்கு முன்பு, வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கப் போன இடத்தில். பார்வை நரம்பு ஓரத்திலிருந்து தேய ஆரம்பித்திருக்கிறது, மருந்தை விடாமல் போட்டால் அப்படியே நிறுத்தி வைக்கலாம் என்றார்கள். நீல மூடிப் புட்டி ஒன்று இரவுக்கு, மஞ்சள் மூடிப் புட்டி ஒன்று காலைக்கும் மாலைக்கும். அன்றிலிருந்து போட்டுவிட்டது எல்லாம் மகள்தான்.

நோயின் பெயரைக் கேட்டதும் அவளுக்கு நினைவு வந்தது அப்பா. அவர் வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயின்டும் அடித்துப் பிழைத்தவர். ஒரு காலத்தில் அவர் அடித்த சுவரில் கை வைத்தால் வழுக்கும். பிறகு சுவரின் மூலைகளை விட்டுவிட ஆரம்பித்தார். நடுவெல்லாம் பளபளவென்று இருக்கும், மேல் மூலையில் பழைய அழுக்கு அப்படியே நிற்கும். ஏமாற்றுகிறான் என்று வீட்டுக்காரர்கள் சத்தம் போட்டார்கள். அவரோ மூலைவரை அடித்ததாகவே சத்தியம் செய்தார். “எரியல, உறுத்தல, வலிக்கல. என் கண்ணுக்கு என்ன குறை?” என்பார். அப்படிச் சொல்லிச் சொல்லியே, வலியில்லாமல், எரிச்சலில்லாமல், ஒரு நாள் கதவு எது நிலை எது என்று தெரியாமல் நெற்றியை மோதிக்கொண்டு நின்றார். அதன் பிறகு அவர் இருந்த காலமெல்லாம் சுவரைத் தடவியபடிதான் இருந்தார். மகளிடம் நூலக்கா இதைச் சொன்னதில்லை. தாத்தாவுக்கு வயசாகிக் கண் போய்விட்டது என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

அப்பாவின் கண் எரியாமல் போன கண். இந்த ஒன்று அவள் மனதில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது.

இதோடு சேர்ந்துகொண்டது அவள் தொழில். முகத்துக்கு ப்ளீச் பூசும்போது வந்தவர்கள் நெளிவார்கள். நூலக்கா விசிறிவிட்டபடி, “எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம், கொஞ்சம் பொறுத்துக்கோங்க,” என்பாள். நாளெல்லாம் சொல்லும் வாசகம். மகள் நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்த அறையின் மூலையில் விளையாடியே வளர்ந்தவள். முழங்காலில் சிராய்ப்புக்கு மருந்து தடவினால் அழாமல், “எரியுதும்மா, வேலை செய்யுது,” என்று அதையே திருப்பிச் சொல்லிச் சிரிக்கவைப்பாள்.

மகள் போன அன்று மாலை நூலக்கா தனியாக மஞ்சள் மூடியைத் திறந்தாள். ஒரு சொட்டு கன்னத்தில் போயிற்று. இன்னொன்று உள்ளே விழுந்த மாதிரியும் இருந்தது, விழாத மாதிரியும் இருந்தது. விழாமல் போயிருந்தால்? எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று. கண் சுரீரென்று எரிந்தது. ஓரத்தை விரலால் அழுத்தவெல்லாம் தோன்றவில்லை. எரிகிறது, அப்படியானால் உள்ளே போய்விட்டது, வேலை செய்கிறது. அந்த எரிச்சல் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. எரியும்வரை விடுவது என்பது வழக்கமாகிவிட்டது.

முதலில் நல்லதுதான் நடந்தது. இமை முடிகள் நீண்டு, அடர்ந்து, நுனியில் வளைந்து நின்றன. நீல மூடி மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு. கண்ணைச் சுற்றிய தோலும் மை பூசியதுபோல் லேசாகக் கறுத்தது. புருவம் எடுக்க வந்தவர்கள் படுத்தபடி அண்ணாந்து பார்த்து, என்ன தேய்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒட்டு இமை என்று சந்தேகப்பட்டு ஒருத்தி இழுத்தே பார்த்துவிட்டாள்.

“சொல்லேன், உனக்கு மட்டும் எங்கிருந்து வருது இந்த வயசுல?” என்று கத்தரி கேட்டாள். “ஆள் யாராவது கிடைச்சிருக்கானா?”

“கண்ணுக்கு ஊத்தறேன், கண்ணு பக்கத்துல முளைக்குது. நீ வாயைக் குறைச்சா உனக்கும் ஏதாவது முளைக்கும்,” என்றாள் நூலக்கா.

சிரிப்பு நெடுநாள் நிற்கவில்லை. காலையில் எழுந்தால் கண்ணுக்குள் யாரோ மணலை வாரிப் போட்டதுபோல் இருந்தது. இமைகள் ஒட்டிக்கொண்டு, ஈரத் துணி வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. மின்விசிறிக் காற்று பட்டால் தண்ணீராகக் கொட்டிற்று. இத்தனை தண்ணீர் வரும் கண்ணுக்குள் இத்தனை வறட்சி எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. வெள்ளை விழி வெந்தாற்போல் சிவந்திருந்தது. வாடிக்கைக்காரி ஒருத்தி அவள் குனியும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒட்டுவாரொட்டிக் கண்வலியா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியும், இன்னொரு நாள் வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நூலக்கா மருந்துக் கடையில் சிவப்பை வெளுக்க வைக்கும் சொட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதையும் சேர்த்து விட்டுக்கொண்டாள்.

பயம் மெல்ல வந்து உட்கார்ந்தது. நூலைப் பல்லில் கடித்துக் குனிந்தால் எதிரில் இருக்கும் புருவம் ஒரு கணம் மங்கும், கண்ணைக் கொட்டினால் தெளியும், மறுபடி மங்கும். கொட்டிக்கொட்டியே வேலை செய்தாள். வீட்டுக்கு வந்தால் அறையின் நடுவில் நின்று, தலையை அசைக்காமல், நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று பார்ப்பாள். தெரிந்தால் நிம்மதி. அடுத்த கணமே, உண்மையில் தெரிகிறதா, மூலை இருக்கும் என்று தெரிந்ததால் தெரிகிறதா என்ற சந்தேகம். அப்பாவும் மூலைவரை அடித்ததாகத்தானே சத்தியம் செய்தார்.

கப்பல் கரை தொடும் ஊர்களிலிருந்து மட்டும் மகள் கூப்பிடுவாள். பயணிகள் கப்பலில் துணி வெளுக்கும் பிரிவு அவளுக்கு. தனக்கு நீராவியைத் தவிர வேறு வானிலை கிடையாது என்பாள். கண் எப்படி இருக்கிறது என்று தவறாமல் கேட்பாள். நூலக்கா விளக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முகம் நிழலில் இருக்கும்படி போனைப் பிடித்துக்கொண்டு, பிரமாதமாக இருக்கிறது என்பாள்.

ஒரு நாள் நீல மூடிப் புட்டியை எத்தனை அழுத்தினாலும் காற்றுத்தான் வந்தது. மாதம் முழுக்க வர வேண்டிய மருந்து, ஊற்றிய ஊற்றில் பாதியிலேயே தீர்ந்திருந்தது. மஞ்சள் மூடியும் அடுத்தடுத்துக் காலி. கடையில் இருப்பு இல்லை, வரவழைக்க வேண்டும் என்றார்கள். வேறு வழியில்லாமல் மருந்தில்லாமல் இருந்தாள். முதல் நாள் காலிப் புட்டியையே மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தாள். அடுத்தடுத்த நாட்களில் ஓர் ஆச்சரியம். காலையில் இமை ஒட்டவில்லை. மணல் குறைந்தது. கண் வெளுக்க ஆரம்பித்தது. கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டபோது, அழுது முடித்தவளின் முகம் போய்த் தன் பழைய முகம் வந்திருந்தது.

மருந்து வந்துவிட்டது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். நூலக்கா போகவில்லை. தன் கண்ணைக் கெடுப்பதே இந்த மருந்துதான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. சொன்னபோது கத்தரி சீப்பைக் கீழே வைத்தாள்.

“டாக்டரைக் கேட்டியா?”

“கண்ணு என்னோடது. எதைக் கேக்கணும்? இப்ப எரியல, உறுத்தல, வலிக்கல…”

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். வாயிலிருந்து வந்தது தன் குரல் இல்லை. கத்தரிக்கு ஒன்றும் புரியவில்லை. நூலக்காவும் விளக்கவில்லை. ஆனால் கடைக்கும் போகவில்லை. போட்டால் எரிந்து போகும், போடாவிட்டால் எரியாமலே போகும் என்று இரண்டு பக்கமும் பயமாக இருந்தது. எரியாத பயத்தோடு இருப்பது கொஞ்சம் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

சில வாரங்கள் அப்படியே ஓடின. பிறகு பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, வழக்கமாக வருகிறவள், புருவம் எடுத்துக்கொண்டு போனவள், சற்று நேரத்தில் படியேறித் திரும்பி வந்தாள். கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான் வந்தாள். இடது புருவத்தின் வால் பக்கத்தில் ஒரு துண்டு எடுக்காமலே விட்டிருந்தது. நடுவெல்லாம் வில்லாக இருக்க, ஓரத்தில் மட்டும் பழைய முடிகள் அப்படியே நின்றன.

“வேற யாராவதா இருந்தா சண்டை போட்டிருப்பேன். உங்களுக்கு என்னாச்சுக்கா?”

நூலக்கா அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரின் மேல் மூலையில் நின்ற பழைய அழுக்கு. வாயில் கடித்திருந்த நூல் நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆசிரியையின் புருவத்தைக் கத்தரிதான் ஒருவழியாகச் சரிசெய்து அனுப்பினாள். அப்புறம் கதவைப் பூட்டினாள், நூலக்காவின் கையைப் பிடித்தாள், பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்தாள்.

கண் மருத்துவமனையில் ஓர் இருட்டறையில் முகவாயை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு, எதிரில் எங்காவது வெளிச்சப்புள்ளி தெரிந்தால் கையிலிருந்த பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முன்பும் செய்த சோதனைதான். ஆனால் இந்த முறை ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் இருட்டு நெடுநேரம் இருந்தது. இப்போது புள்ளி எதுவும் இல்லையா, இருந்தும் எனக்குத் தெரியவில்லையா? தெரியாததற்கும் அழுத்திவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

டாக்டரம்மா நடுவயதுக்காரர், அவசரம் இல்லாதவர். மஞ்சள் சாயம் நனைத்த காகித நுனியைக் கண்ணில் தொட்டு, நீல விளக்கை வைத்துப் பார்த்தார். பார்த்தவர் உதடு பிதுக்கியதை நூலக்கா கவனித்தாள். பிறகு படமெடுத்துத் திரையில் காட்டினார். கருவிழியின் மேல் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள், ஊசியால் குத்திக் குத்தி எடுத்ததுபோல் எண்ணி மாளாத புள்ளிகள்.

“எத்தனை சொட்டு விட்டீங்க?” என்று கேட்டார்.

பின்னால் நின்ற கத்தரி சொன்னாள்: “விடல டாக்டர், ஊத்தினா. செடிக்கு ஊத்தற மாதிரி. அப்புறம் ஒரேயடியா நிறுத்திட்டா.”

டாக்டரம்மா திட்டுவார் என்று நூலக்கா நினைத்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கண் ஒரு சொட்டுக்கு மேல் பிடிக்காது, மீதி கன்னத்தில் வழியும், இல்லாவிட்டால் மூக்கு வழியாக உடம்புக்குள் போகும் என்றார். ஓரத்தை அழுத்திப் பிடிக்கச் சொன்னது அதற்காகத்தான்.

“புட்டி மருந்து கெட்டுப்போகாம இருக்க உள்ள ஒண்ணு கலப்பாங்கம்மா. அது சோப்பு மாதிரி. கண்ணீர் காயாம காக்கற எண்ணெய்ப் படலத்தைக் கழுவிடும், அப்புறம் கண்ணோட மேல்தோலையே அரிக்கும். வருஷக்கணக்கா ஒழுங்கா போடறவங்களுக்கே நிறையப் பேருக்கு இந்தக் கஷ்டம் வருது. நீங்க அதை வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வச்சிருக்கீங்க.”

நூலக்காவுக்கு ஒருத்தி நினைவு வந்தது. வீட்டிலேயே ப்ளீச் பூசி, எரிந்தால்தான் வேலை செய்யும் என்று அதோடு தூங்கிவிட்டுத் தோல் உரிந்த முகத்தோடு கடைக்கு ஓடி வந்தவள். அவளை அன்று எத்தனை வைதிருக்கிறாள்.

“அப்ப அது வேலை செய்யலியா டாக்டர்? எரிஞ்சது?”

“எரிஞ்சது தோலு. வேலை செஞ்சது மருந்து. ரெண்டும் வேற வேற.”

மேல்தோல் வளர்ந்துவிடும் என்றார் டாக்டரம்மா. புருவத்து ஓரம் தப்பியதும்கூட அந்தத் தோல் கெட்ட மங்கலால் இருக்கலாம். ஆனால் மருந்தை நிறுத்திய வாரங்களில் அழுத்தம் ஏறியிருக்கிறது, இடது கண்ணின் நரம்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. அது திரும்பாது. இதைச் சொல்லும்போது குரலை மாற்றிக்கொள்ளவில்லை.

சோப்பு கலக்காத மருந்து எழுதித் தந்தார்கள். விரல் நகம் அளவு சின்னச் சின்னக் குப்பிகள்; தலையைத் திருகி, ஒரு வேளை விட்டு, மிச்சத்தை எறிந்துவிட வேண்டும். கூடவே கண்ணீருக்குப் பதிலாக ஒரு சொட்டு, அதுவும் கலப்பில்லாதது. தினமும் இமை ஓரங்களில் இளஞ்சூட்டு ஒற்றடம். கடையில் வாங்கிய வெளுப்புச் சொட்டைக் கத்தரி அங்கேயே குப்பைக்கூடையில் போட்டாள்.

எழுந்திருக்கும்போது டாக்டரம்மா கேட்டார்: “புள்ளைங்க இருக்காங்களா?”

“ஒரு பொண்ணு. கப்பல்ல வேலை,” என்றாள் நூலக்கா. அப்பா கண் போன கதையையும் சொன்னாள்.

“கரைக்கு வந்ததும் கண்ணைக் காட்டச் சொல்லுங்க. இது ரத்த வழியா வரும். உங்க அப்பாவுக்கு இருந்திருக்கு, உங்களுக்கு வந்திருக்கு.”

சொல்கிறேன் என்று தலையாட்டினாள்.

கண் ஆறுவதற்கு மாதங்கள் பிடித்தன. காலையும் மாலையும் கத்தரி அவளை முடி வெட்டும் நாற்காலியில் சாய்த்து, ஒரே ஒரு சொட்டு விட்டு, ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். அழுத்தியிருக்கும் நேரம் முழுக்க வாய் ஓயாது. “கண்ணைத்தானே மூடச் சொன்னாங்க, காதை மூடச் சொல்லலியே,” என்பாள். மணல் மெல்ல மெல்லக் கரைந்தது. புருவ ஓரங்களை நூலக்கா இப்போது இரண்டு தடவை பார்த்தாள், மூன்றாவது தடவை விரலால் தடவியும் பார்த்தாள். ப்ளீச் பூசும்போது யார் நெளிந்தாலும், “எரியுதா? உடனே சொல்லுங்க, கழுவிடலாம்,” என்றாள். பழைய வாடிக்கையாளர்கள் வியந்தார்கள். கத்தரி கேலி செய்தாள். நூலக்கா வந்தவர்கள் எல்லோரிடமும் அதைச் சொன்னாள்.

மகளிடம் மட்டும் சொல்லவில்லை. எரிச்சலைப் பற்றியும் சொல்லவில்லை, ரத்த வழியைப் பற்றியும் சொல்லவில்லை. மகள் கூப்பிடும்போதெல்லாம் நாக்கு நுனிவரை வரும். அங்கே தனியாகத் தண்ணீர் நடுவில் இருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது, அடுத்த விடுமுறைக்கு வரட்டும், நேரில் கூட்டிப்போகலாம் என்று விழுங்கிவிடுவாள். சொன்னால் வந்துவிடும், சொல்லாதவரை வராது என்று உள்ளுக்குள் ஒரு கிறுக்குக் கணக்கு. மகளின் விடுமுறை தள்ளித் தள்ளிப் போயிற்று. வீடியோவில் அவள் முகம் தெரியும்போது நூலக்கா பேச்சைக் கவனிக்காமல் கண்களையே பார்ப்பாள். பளிங்குபோல் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அப்பாவின் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

அடுத்த மழைக்காலம் போய், அதற்கடுத்ததும் வந்துவிட்ட பிறகு, ஒரு நண்பகலில், ஒருத்தியின் புருவம் பாதி முடிந்திருந்தபோது போன் அதிர்ந்தது. மகளின் பெயரைப் பார்த்ததும் நூலக்கா பல்லிலிருந்த நூலோடேயே எடுத்துப் படித்தாள். படித்து முடித்ததும் கூப்பிட்டாள். இணைப்பு கிடைக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். ‘ஒரே சொட்டு, ஓரத்தை அழுத்து, எரிஞ்சா உடனே டாக்டரிடம் சொல்’ என்று தட்டி அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வரவில்லை. பாதிப் புருவத்தோடு எழுந்து உட்கார்ந்தவள் என்னவென்று கேட்டாள். கத்தரி போனை அவள் கையிலிருந்து வாங்கிப் படித்தாள்.

“அம்மா, பயப்படாதே. புது ஒப்பந்தத்துக்கு மெடிக்கல் பாத்தாங்க. எனக்கும் உன்னோட அதே கண் பிரஷர்தானாம். சொட்டு மருந்து குடுத்திருக்காங்க, நானே கரெக்டா விட்டுக்கறேன், உன்னை மாதிரி மூக்குல இல்ல. கப்பல் கிளம்புது, அடுத்த துறைமுகம் ரொம்ப தூரம், அதுவரைக்கும் பேச முடியாது. பயங்கரமா எரியுதும்மா. ஆனா நீதான் சொல்வியே, எரிஞ்சா வேலை செய்யுதுன்னு. அதனால சீக்கிரம் சரியாகட்டும்னு ரெண்டு மூணு சொட்டா விட்டுக்கறேன்.”